விரலின் விலை

கலகம் என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகள் புழங்கிய அளவுக்கு வேறு யாரும் புழங்கியிருக்க மாட்டார்கள். 1959ல் 'எழுத்து' வந்த காலத்திலிருந்து யாப்பை உடைத்தது கலகம், கொச்சையை எழுதியது கலகம், உடலை எழுதியது கலகம் என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் கணக்கைச் சொல்லி வந்திருக்கிறது. இது முழுக்க எழுத்துக்குள்ளேயே நடந்த கணக்கு. எழுத்துக்கு வெளியே, தமிழுக்கும் வெளியே போய், மின்னணு ஆட்ட இசையில் ஒரு தமிழ்ப்பெண் செய்த காரியத்தை இதில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. எழுதாமலே விட்டுவிட்டோம்.

நான் சொல்வது மாதங்கி அருள்பிரகாசத்தை. மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. இந்தப் பெயரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வருபவை சில சம்பவங்கள்தாம். நிறைமாதக் கர்ப்பத்தோடு விருது விழா மேடையில் ஆடினார்; பதினோரு கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவிரலைக் காட்டினார்; பார்க்கச் சகிக்காத ஒரு குறும்படத்தை வெளியிட்டார். சம்பவங்களை ஒதுக்கிவிட்டு அவரைப் பேச முடியாது. ஆனால் சம்பவங்கள் மட்டும் மிஞ்சி, அவற்றுக்கு அடியிலிருந்த ஓசை எப்படி மறைந்தது என்பதுதான் இங்கே என் அக்கறை. அந்த ஓசையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

மேடை அடாவடிக்கு இந்த இசையில் ஒரு மரபே இருக்கிறது. அதன் உச்சமாக எப்போதும் சொல்லப்படுவது பிரிட்டனின் கே.எல்.எஃப்.; பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி என்ற இருவர். விற்பனையில் உச்சத்திலிருந்த நேரத்தில், 1992 பிப்ரவரி 12ந் தேதி, லண்டனில் பிரிட் விருது விழா மேடையில் டிரம்மண்ட் ஓர் இயந்திரத் துப்பாக்கியை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த இசை வியாபாரிகளை நோக்கி வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டார். விழாவுக்குப் பிந்தைய விருந்தின் வாசலில் செத்த ஆடு ஒன்று கிடந்தது. அந்த மே மாதமே தங்கள் இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் விற்பனையிலிருந்து நீக்கிக்கொண்டு தொழிலை விட்டுப் போனார்கள். 1994 ஆகஸ்ட் 23ந் தேதி ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் பத்து லட்சம் பவுண்டை நோட்டுக்கட்டுகளாகவே நெருப்பில் போட்டார்கள். எரித்ததைப் படமெடுத்து, திரையிட்ட இடங்களில், ஏன் எரித்தோம் என்று பார்த்தவர்களையே கேட்டார்கள். 2021 ஜனவரி 1ந் தேதி அவர்களுடைய பாட்டுகள் இணையத்தின் வழியாகத் திரும்ப வந்தன. அப்போது பிறந்திராத பிள்ளைகள் அவர்களை மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இதை நான் குறைத்துப் பேசவில்லை. பணத்தின் முன்னால் கைகட்டி நிற்கிற கலைஞனுக்கு வெட்கம் வரவழைத்த காரியம் அது. ஆனால் எரிப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். எரித்தபின் திரும்பிப்போக வீடு வேண்டும். 1981ல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. அந்த மண்ணில் அப்போது ஆறு வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு நெருப்பு கலைச்செயலாகத் தோன்ற வழியில்லை. அடாவடி என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கிற சரக்கல்ல என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மாதங்கி 1975 ஜூலையில் லண்டனில் பிறந்தவர். ஆறுமாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தை அருள்பிரகாசம் ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர்; நம் வாசகர்களில் சிலருக்கு அவரை அருளர் என்ற பெயரில் தெரிந்திருக்கும். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப்பின் கொழும்பிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலைக் களமாகக் கொண்ட 'லங்கா ராணி' நாவலை எழுதியவர் அவர்தான். குடும்பம் சில காலம் சென்னையில் இருந்தது. 1986ல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். தாய் தையல் வேலை செய்தார். தந்தை பெரும்பாலும் அந்த வீட்டில் இல்லாதவர்.

எம்.ஐ.ஏ. என்ற எழுத்துக்கள் ராணுவக் குறிப்பேட்டிலிருந்து வந்தவை: போரில் காணாமல் போனவர். 'காணாமல் போனோர்' என்பது ஈழத்தில் அன்றாடப் பேச்சுச்சொல். இப்படிப் பெயர் வைத்துக்கொண்ட பெண் தன் இசைத்தட்டுகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். 2005ல் 'அருளர்', தந்தை. 2007ல் 'கலா', தாய். 2010ல் 'மாயா', வீட்டில் கூப்பிடும் பெயர். 2013ல் 'மாதங்கி', முழுப்பெயர். வரிசையாக வாசித்தால் ஒரு குடும்ப அட்டை. காணாமல் போனவரே தன் வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கிறார். இது விளம்பர உத்தியாக மட்டும் இருந்திருந்தால் நான்கு இசைத்தட்டுகளுக்கு நீடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

அவர் சங்கீதம் கற்றவரல்ல. செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்தவர். கையில் கிடைத்தது ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளப்பெட்டி. பொத்தானை அழுத்தினால் தாளம் சுழலும் கருவி. அதில் செய்த 'கலாங்' 2003ல் 500 தட்டுகள் மட்டும் வெளியானது. 'அருளர்' பெயர் வாங்கித் தந்தது. அடுத்த இசைத்தட்டை அமெரிக்காவில் செய்வதாக இருந்தபோது 2006ல் விசா சிக்கல். எனவே ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, ஆஸ்திரேலியா. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தன் ஸ்டூடியோவைப் பயன்படுத்தக் கொடுத்தார். அங்கே பதிவானது உறுமி மேளம்.

உறுமியைக் கிட்டத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்ப்பில் எழுவது அடியல்ல, வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குகிற ஓர் உறுமல். கேட்பவனின் வயிற்றுக்குள் போய் உட்காரும். மின்னணு ஆட்ட இசையில் கீழ்ஸ்தாயி அதிர்வு செய்கிற வேலையும் இதுதான். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' என்ற இரண்டு பாட்டுகளிலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. நாட்டுப்புற வாத்தியத்தை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கும் பழக்கம் நம் சினிமாவில் உண்டு. இங்கே அப்படியில்லை, மேளம்தான் பாட்டு, மற்றதெல்லாம் அதன்மேல் ஒட்டியவை.

'கலா'வின் முதல் பாட்டான 'பேம்பூ பங்கா'வில் 1991ல் வந்த 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து இளையராஜாவின் ஓசைத்துண்டு ஒன்று வருகிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 2003ல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டு. 'ஜிம்மி' முழுவதும் 1982ன் 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டு. மற்றவர் இசையிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டும் இந்த முறையைத் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவருடைய முழுப்பெயர்தான் நினைவுக்கு வருகிறது. தாந்திரிக மரபில் மாதங்கிக்கு உச்சிஷ்ட மாதங்கி என்றொரு வடிவம் உண்டு. எச்சிலைப் படையலாக ஏற்பவள், தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் தெய்வம். பிறர் உண்டு மிஞ்சியதிலிருந்து பசியாறுவது அகதியின் அழகியல். புலம்பெயர்ந்த வீட்டில் வாத்தியம் இருக்காது, குரு இருக்க மாட்டார். தேய்ந்த ஒலிநாடாக்கள்தாம் இருக்கும்.

இதையெல்லாம் நான் ஓசூரிலிருந்து எழுதுகிறேன் என்பது விஷயத்துக்குச் சம்பந்தமில்லாததல்ல. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே வந்தது. 1980ல் அசோக் லேலண்ட் லாரி, டி.வி.எஸ். மொபெட்; 1987ல் டைட்டன் கடிகாரம். கேழ்வரகும் மானாவாரியும் இருந்த மேட்டுநிலத்தில் அழுத்து இயந்திரங்களின் அடி மூன்று ஷிப்டாகக் கேட்க ஆரம்பித்தது. தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து. விசேஷங்களுக்குப் பம்பை, சாவுக்குத் தப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் அதையே தமட்டே என்கிறார்கள். இயந்திரத் தாளமும் தோல் தாளமும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற ஊர்கள் தமிழகத்தில் அதிகமில்லை.

1980களில் அமெரிக்காவில் டெட்ராய்ட் என்ற கார் நகரத்தின் கறுப்பின இளைஞர்கள் சிலர் தொழிற்சாலை ஓசையின் நிழலில் டெக்னோ என்ற இசையை உண்டாக்கினார்கள். ஓசூரும் வண்டி செய்கிற ஊர்தான். இங்கே அப்படியொன்று ஏன் எழவில்லை? கருவி வாங்கப் பணமில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் சங்கடமானது. தப்பு அடிக்கிற கை எந்த ஜாதியின் கை என்று ஊர் தீர்மானித்து வைத்திருக்கிறது. அந்தக் கை தொழிற்சாலைக்குள் நுழைந்து சீருடை போட்டுக்கொண்டதும் முதலில் மறக்க விரும்புவது தப்பைத்தான். அந்த விருப்பத்தில் தவறே இல்லை. மற்ற ஜாதிக்காரன் தாளத்துக்கு ஆடுவானே தவிர வாத்தியத்தைத் தொடமாட்டான். பக்கத்துப் பக்கத்திலிருந்தும் இரண்டு தாளங்களும் சந்திக்கவில்லை. அவற்றைச் சந்திக்க வைக்க, எந்தத் தாளம் யாருடையது என்ற ஊர்விதியின் பிடிக்கு வெளியே லண்டனில் வளர்ந்த ஒருத்தி வரவேண்டியிருந்தது. என் மதிப்பீட்டில் அவர் செய்த பெரிய அத்துமீறல் இதுதான். இதைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. செய்திக்குத் தேவைப்பட்டது வேறு.

'கலா'வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் அடுத்தடுத்து வருகின்றன. வந்தேறி என்றால் கொள்ளையடிக்க வந்தவன் என்று நினைப்பவனைக் கேலி செய்கிற பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி துப்பாக்கி ஓசையை நீக்கித்தான் ஒளிபரப்பியது. 1992ல் ஒரு வெள்ளைக்காரர் நிஜத் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சபையை நோக்கிச் சுட்டது கலைவரலாற்றில் ஒரு குறும்பு. பதினைந்து வருஷம் கழித்து ஒரு தமிழ்ப்பெண்ணின் ஒலிப்பதிவில் வந்த வெறும் ஓசை ஆபத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விமர்சனம் தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது.

பிறகு 2009. வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்கள். ஜனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் டேவிஸ் ஸ்மைலியின் நிகழ்ச்சியில் உட்கார்ந்து, எந்த நாடகமும் இல்லாமல், தமிழ்மக்கள் கொல்லப்படுகிறார்கள் என்று சொன்னார். அவருடைய வாழ்க்கையின் மிக நேரான பேச்சு அது. அவர் புலிகளின் ஆளா என்ற விசாரணைதான் பதிலாகக் கிடைத்தது. பிப்ரவரி 8ந் தேதி கிராமி விழாவில் நிறைமாத வயிற்றோடு ஆடினார். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. பேச்சைக் கேட்காதவர்கள் வயிற்றைப் பற்றி எழுதினார்கள். மே மாதம் யுத்தம் முடிந்தது. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் சொன்னது.

2010 ஏப்ரலில் ரோமேன் கவ்ராஸ் எடுத்த 'பார்ன் ஃப்ரீ' வந்தது. ஒன்பது நிமிஷம். அமெரிக்கச் சீருடைக்காரர்கள் செம்பட்டை முடிக்காரர்களை வீடு வீடாகப் பிடித்து, பாலைவனத்துக்குக் கொண்டுபோய், ஒரு சிறுவனைச் சுட்டு, மற்றவர்களைக் கண்ணிவெடி மேல் ஓடவிடுகிறார்கள். உலகம் பதறியது, யூட்யூப் அதைத் தடுத்தது. எட்டு மாதம் முன்னால்தான், 2009 ஆகஸ்டில், கண்ணைக் கட்டி நிர்வாணமாக்கிய மனிதர்கள் சுடப்படும் காட்சியை சேனல் 4 ஒளிபரப்பியிருந்தது. அந்த நிஜத்துக்கு வராத பதற்றம் இந்த வேஷத்துக்கு வந்தது. நேராகச் சொன்னது எடுபடாதவன் கூத்துக்கட்டத்தான் போவான்.

கூத்து என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. நம் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்கிறான், சபையிலிருக்கும் பெரிய மனிதர்களைச் சீண்டுகிறான். யாரும் அவன்மேல் வழக்குப் போடுவதில்லை. அந்த உரிமையை அவனுக்கு ஊரே கொடுத்திருக்கிறது, விடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அவன் அத்துமீறலுக்கு மரபின் காவல் உண்டு. கே.எல்.எஃப்.புக்கும் கோமாளியை மன்னிக்கிற ஒரு பிரிட்டிஷ் சபை இருந்தது. எம்.ஐ.ஏ.வுக்கு இரண்டும் இல்லை. அவர் நின்றது ஒப்பந்தத்தில் வாடகைக்கு வந்த மேடை.

அந்த மேடையின் தன்மை 2012 பிப்ரவரி 5ந் தேதி வெளிப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம், இடைவேளை நிகழ்ச்சி, மடோனாவின் பாட்டு. தன் சில வரிகளைப் பாடிவிட்டு நடுவிரலைக் காட்டினார். ஒரு நொடி. கால்பந்துச் சம்மேளனம் 15 லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டது. 2014ல் அதோடு இன்னும் 151 லட்சம் டாலர் சேர்த்தது. இந்தத் தொகைக்குச் சொன்ன கணக்கு கவனிக்கத்தக்கது: அந்த மேடையில் தோன்றியதால் அவருக்குக் கிடைத்த விளம்பரத்தின் மதிப்பு. அந்த வருஷம் ஆகஸ்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அது மாதங்கி தேவியின் முத்திரை என்று அவர் பின்னால் சொன்னதை நான் நம்ப வேண்டியதில்லை. எனக்குப் படுவது இதுதான்: நாற்பதாயிரம் உயிர்களைப் பற்றிய பேச்சுக்கு யாரும் விலை போடவில்லை, ஒரு விரலுக்கு 166 லட்சம் டாலர். எதைக் கவனிப்பது என்பதற்கு அந்தச் சமூகம் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த ரசீது அது.

இதனால் அவருடைய அடாவடிகள் எல்லாமே நியாயம் என்று ஆகிவிடாது. 2010ல் தன்னைப் பற்றிக் கடுமையாக எழுதிய பத்திரிகையாளரின் தொலைபேசி எண்ணை ஊரறிய வெளியிட்டார். அது கலகமல்ல, ரௌடித்தனம். 2020ல் தடுப்பூசிக்கு எதிராகப் பேசினார். 2024ல் அலைக்கதிர்களைத் தடுக்கும் என்று சொல்லி உடைகள் விற்றார். ஒரு காலத்தில் பொய்ச்செய்திகளுக்கு எதிராக எழுந்த சந்தேகம், இலக்கு இல்லாமல் போனதும் எதையும் சந்தேகிக்கிற பழக்கமாகக் கெட்டுப்போனது. இது அவருடைய தனிப்பட்ட வீழ்ச்சி மட்டுமல்ல. அதிர்ச்சியை வடிவமாக எடுத்துக்கொண்ட எந்தக் கலைஞனும், நம் கவிஞர்கள் சிலரும் சேர்த்துத்தான், இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அடியில் ஓசை தீர்ந்துபோனால் மேலே அடாவடி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஓசை தீர்வதற்கு முன் அவர் செய்த ஒன்று எங்கள் ஊருக்கு நேராகப் பொருந்தியது. 2015 நவம்பரில் 'பார்டர்ஸ்' பாட்டின் படம் வந்தது, அவரே இயக்கியது. முள்வேலியில் மனிதர்கள் கூட்டமாக ஏறித் தொங்குகிறார்கள். உடல்களையே அடுக்கிப் படகாக ஆகிறார்கள். அவர் அதில் அணிந்திருந்த பிரெஞ்சுக் கால்பந்துக் குழுவின் சட்டையில் 'ஃப்ளை எமிரேட்ஸ்' என்ற விளம்பரத்தை 'ஃப்ளை பைரேட்ஸ்' என்று மாற்றியிருந்தார். அந்தக் குழு ஆட்சேபக் கடிதம் அனுப்பியது; வேலியில் தொங்கியவர்களைப் பற்றியல்ல, சட்டையைப் பற்றி. இந்தப் பாட்டை முதலில் வைத்து 'எய்ம்' இசைத்தட்டு 2016 செப்டம்பர் 9ந் தேதி வெளியானது. மூன்றாம் நாள், செப்டம்பர் 12, காவிரிப் பிரச்னையில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. எல்லையில் வண்டிகள் நின்றுபோக, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்குப் பயணிகள் மூட்டைமுடிச்சோடு நடந்து கடந்தார்கள். 1991 டிசம்பரில் இதே காவிரிக் கலவரத்தில் தமிழர்கள் உயிர் தப்பி இந்தப் பக்கம் வந்ததை ஊரில் வயதானவர்கள் மறக்கவில்லை. வேலி எதுவும் இல்லாத, சாதாரண நாளில் டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற எல்லை ஒரே மத்தியானத்தில் நாடுகளின் எல்லையாக இறுகியது. அந்தப் பாட்டு ஐரோப்பாவைப் பற்றியது என்று அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடியவில்லை.

இந்த மாவட்டத்திலும் ஈழத்தவர் முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் அரசாங்கம் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என்றது. இந்த முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இன்னும் பெரும்பாலும் குடியுரிமை இல்லை. 1986ல் அந்தக் குடும்பம் லண்டனுக்கு விமானம் ஏறாமல் சென்னையிலேயே தங்கியிருந்தால் மாதங்கியும் இப்படியொரு முகாமில் வளர்ந்திருக்கலாம். தாளப்பெட்டி கிடைத்திருக்காது. உறுமி ஒருவேளை காதில் விழுந்திருக்கும்.

2019ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தது. ஏகாதிபத்தியத்தின் பெயரையே தாங்கிய அந்தப் பதக்கத்தை 2020 ஜனவரியில் இளவரசர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கலகக்காரி கடைசியில் அரண்மனைக்குப் போனாள் என்று சிரித்தவர்கள் உண்டு. நானும் சிரிக்கத்தான் தயாராக இருந்தேன். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கிற வேலையைப் பல வருஷங்களாகச் செய்துவந்தவர் அவருடைய தாய். யார் யார் மார்பிலோ குத்தப்படுவதற்காகத் தைத்த கூலித் தையல்காரியின் கைவேலை ஒரு தடவை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. விரலைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்தக் கையைப் பற்றி யாரும் எழுதவில்லை. இரண்டாவது இசைத்தட்டின் பெயர் அந்தத் தாயின் பெயர்தான். புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.